நத்தை பூட்டிய கார்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த வருஷம், எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் குனிந்தார்கள். வேப்பமரத்தின் கீழ் நின்ற காரின் அடியைப் பார்த்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்வார்கள். பால்காரர் போத்தலை மதிலில் வைத்துவிட்டுக் குனிந்தார். தபால்காரர் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றிக் குனிந்தார். கோட்டைப் பக்கமிருந்து இறங்கிவந்து ஊர் வேலிகளை மேய்கிற மான்களில் ஒன்றுகூட ஒருநாள் காரின் கீழே மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. பிறகு எங்கள் பூவரசைத் தொடாமலே போய்விட்டது.

"இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்பார்கள். வீட்டில் காய்ச்சல்காரர் படுத்திருந்தால் கேட்கிற அதே குரல்.

"இண்டைக்குப் பின்பக்கம்," என்று நான் பதில் சொல்வேன். "நேற்று முன்பக்கம். முந்தநாள் ரெண்டு பக்கமும்."

ஒழுகியது ஒயில். கார் மாமாவினுடையது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அம்மாதான் அவருக்குச் சோறு தீத்தி, தலை வாரி இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பினவர். கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தபோது அம்மா அவரையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாராம். "சீதனத்தில இதுவும் சேர்த்தியோ?" என்று அப்பா பகிடிக்குக் கேட்க, "இதுதான் சீதனம்," என்று அம்மா சொன்னதாக எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையை அப்பாதான் திரும்பத் திரும்பச் சொல்வார். அம்மா சொல்லி நான் கேட்டதில்லை.

மாமா துறைமுகத்தில் இழுவைப்படகுகளின் எஞ்சின் திருத்துகிறவர். வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றாமலே காருக்குள் தலையை விட்டுவிடுவார். அந்தக் கார் வெள்ளைக்காரர் காலத்தது. உவர்மலையில் ஒரு பழைய பங்களாவின் பின்னால் நின்ற அதற்குள் கோழிகள் அடைகிடந்தன. மாமா அதைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பின்சீற்றில் ஒரு கோழியும் கூடவே வந்தது. கோழியைத் திருப்பிக் கொடுத்தோம். சாமான் எதற்கும் தட்டுப்பாடான காலம். புதுக் கார் என்பது சினிமாவில் பார்க்கிற ஒன்று. பழைய காரை ஓடவைத்தாலே ஊரில் பேர் கிடைக்கும். ஆனால் ஓடவைத்தால் மட்டும் போதும் என்று நினைக்கிற ஆள் மாமா இல்லை. அதைப் பறக்கவைக்க வேண்டும் என்று நினைத்தார்.

பறக்கவைக்கிற சாமானைக் கொண்டுவந்தவர் கிண்ணியாவிலிருந்து வருகிற மாமாவின் கூட்டாளி. பழைய இரும்பு எடுத்து விற்கிறவர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். பழுதாகிக் கரையேற்றிக் கிடந்த ஒரு பெரிய படகின் டீசல் எஞ்சினிலிருந்து கழற்றியதை அவர் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் விறாந்தையில் வைத்தார். பிரித்துப் பார்த்தால் ஒரு சட்டியளவில் வார்ப்பிரும்பு நத்தை. மாமா அதற்கு டேர்போ என்று பேர் சொன்னார். வீட்டில் யாரும் அந்தப் பேரை எடுக்கவில்லை. நத்தை என்றே வைத்துக்கொண்டோம்.

அதன் வேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் நத்தைக்குள் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றைப் பிடித்து எஞ்சினுக்குள் அடைக்கும். காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடும், இழுவையும் கூடும். கழித்துவிட்ட மூச்சிலேயே பலம் எடுக்கிற ஒரு பிராணி. ஆனால் அந்தத் தண்டு பம்பரத்தைவிட வேகமாகச் சுழல்வதால் அதற்கு ஓயாமல் ஒயில் வேண்டும். எஞ்சினிலிருந்து ஒரு சின்னக் குழாயில் ஒயில் போய், ஒரு பெரிய குழாயில் திரும்பி வரவேண்டும். மாமா அந்தக் குழாய்களையெல்லாம் தானே வளைத்து, தானே ஒட்டினார். முதல்நாள் எஞ்சின் உறுமி, நத்தை மெல்ல விசிலடித்தபோது நான் முற்றத்தில் குதித்தேன். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். நாங்கள் சுற்றி முடிப்பதற்குள் மணலில் முதல் கறுப்புப் பொட்டு விழுந்துவிட்டது.

எல்லாக் காரும்தான் ஒழுகும். இது ஒழுகியதில் ஒரு மனிதனுடைய எதிர்காலம் தொங்கியது என்பதுதான் வித்தியாசம்.

தேயிலை ஏற்ற வந்த ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் எதையோ திருத்த மாமாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவருடைய கைவேலையைப் பார்த்த கப்பல்காரர், கப்பல் அடுத்தமுறை வரும்போது தன்னோடு வந்துவிடும்படி கேட்டிருக்கிறார். மாமா சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னபோது முதலில் என்னைப் பார்த்துச் சொன்னார், பிறகு தண்ணீர்ச் செம்பைப் பார்த்து, கடைசியில்தான் அப்பாவைப் பார்த்தார்.

"தை கழியத் திரும்ப வருவினமாம், அத்தான். நீங்கள் ஓம் எண்டாப் போவன்."

அப்பாவுக்குக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை. நிபந்தனை போடாமல் எதையும் கொடுத்துப் பழகாதவர்.

"உந்தக் கார் இப்ப ஒழுகாமல் நிக்குதோ?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு, அத்தான்."

"கரையில நிக்கிற எஞ்சினிலயே ஒயிலை மறிக்க ஏலாதவன், நடுக்கடலில போய் எதை மறிக்கப் போறாய்?"

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "மறிச்சிட்டன் எண்டா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "எல்லாரையும் ஏத்திக்கொண்டு குச்சவெளிக்குப் போவம். அண்ணா வீட்டு முத்தத்து மணலில ஒரு சொட்டு விழக்கூடாது. போகேக்கயும் வரேக்கயும் வழியில எங்கயும் நிக்கக்கூடாது. அப்பிடி வீட்டுக்கு வந்து சேர்ந்தால், உன்ர பெட்டியை நானே துறைமுகத்துக்குத் தூக்கிக்கொண்டு வாறன்."

"அக்கா என்ன சொல்லுறீங்கள்?" என்று மாமா கேட்டார்.

அம்மா அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி சொதி ஊற்றினார். "நான் சொல்ல என்ன கிடக்கு. சாப்பிடு."

எனக்கு அது பெரிய சந்தோஷம். கப்பலில் போவது என்றால், கிண்ணியாத் துறையில் பாதை என்று நாங்கள் சொல்கிற அந்த மிதவையில் ஏறி அக்கரை போய், பின்னேரம் திரும்பி வருவதுபோல என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் பெரிய பாதை, கொஞ்சம் தூர அக்கரை.

அன்றிலிருந்து ஒழுகலைத் தேடுகிற வேலை தொடங்கியது. அதில் நான் வேடிக்கை பார்த்தவள் இல்லை. காரின் கீழே முழுசாக நுழையக்கூடிய உடம்பு அந்த வீட்டில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. மாமாவின் தோள் பாதியில் சிக்கிக்கொள்ளும். நான் சாக்கை விரித்து, ரோச் லைற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, மல்லாக்காக வழுக்கிப் போய்விடுவேன். ஒரே ஒரு சிக்கல், நானும் மாமாவும் எதிலும் ஒத்துப்போகமாட்டோம்.

"கீழ்த்தொட்டி ஆணிதான்," என்பார் மாமா மேலிருந்து.

"ஆணி காய்ஞ்சு கிடக்கு. ஆணிக்கு மேலதான் ஈரம்."

"அதுக்கும் மேல பார்."

"அதுக்கும் மேல இருட்டு."

"ரோச்சை வாயில இருந்து எடுத்துப்போட்டுக் கதை. ஒண்டும் விளங்கேல்லை."

ஒயில் விழுகிற இடம் ஒன்று, புறப்படுகிற இடம் வேறு என்பது எங்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. முன்னாலுள்ள விசிறியின் காற்று அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும். அது இரும்பின் விளிம்புகளில் ஊர்ந்து, ஒரு ஆணித்தலையில் தொங்கி, தனக்கு விருப்பமான இடத்தில் விழும். எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, மேலே மெல்லிய மா ஏதாவது தூவி ஓடவிட்டால், புறப்படுகிற இடத்தில் மா நனைந்து காட்டிக்கொடுக்கும் என்று மாமா சொன்னார். கோதுமை மா ரேஷனில் கிடைக்கிற பொருள். அதைத் தொட்டால் அம்மா கையை முறிப்பார். முகத்துக்குப் போடுகிற பவுடர் கடைகளில் இல்லை. மாமா வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்தபோது கையில் அவருடைய பழைய காலுறை இருந்தது. அதற்குள் ஏதோ மெத்தென்று நிறைந்திருந்தது. எஞ்சின் மேல் அதைத் தட்டத் தட்ட வெள்ளையாகப் புகை பறந்தது. பார்க்க வடிவாக இருந்தது.

அப்பா கச்சேரியால் வந்து சைக்கிளை நிறுத்தினார். திறந்த பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கோயில் பக்கம் வா என்றால் தோழர்களின் கூட்டத்துக்குப் போகிற மைத்துனனின் எஞ்சின், தலை முதல் கால்வரை திருநீறு பூசி நின்றது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இஞ்சாரும், தம்பிக்குப் புத்தி வந்திட்டுது," என்று அம்மாவுக்கு மெல்லிய குரலில் சொன்னார்.

பிறகு கால்முகம் கழுவிவிட்டுச் சாமி அறைக்குப் போனார். திருநீற்றுச் சட்டி வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் பேசியதை நான் காரின் கீழே இருந்துதான் கேட்டேன். வெளியே வருவது நல்லதாகப் படவில்லை.

திருநீறு பொய் சொல்லவில்லை. எஞ்சினின் மேல்மூடி குந்துகிற விளிம்பில் பின்மூலை நனைந்திருந்தது. மாமா கோர்க்கு வெட்டிப் புதிதாக விளிம்பு வைத்தார். அந்த மூலை காய்ந்தது. அடுத்தநாள் எஞ்சினின் முன்னால், விசிறியைச் சுழற்றுகிற சக்கரத்தடியில் ஈரம். அதையும் கழற்றிப் பூட்டினோம். அது காய, பின்னால் கியர்பெட்டி சேருகிற இடத்தில் சொட்டியது. அதை மறித்தால் நத்தையின் குழாய் வழியாக ஒயில் புகைக்குள் இறங்கி, காரின் பின்னால் நீலப் புகை எழும்பியது. ஒரு வாசலைப் பூட்டினால் அடுத்த வாசலால் வருகிற கள்ளன்போல அது எங்களைச் சுற்றவைத்தது. சொட்டு, நாள் போகப்போகப் பெருத்துக்கொண்டும் வந்தது.

"மச்சான், ஒரு மாட்ட வாங்கிக் கட்டு," என்றார் காக்கா, பலகையில் குந்தியிருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு. "ஊத்துற சாமானுக்குப் பாலாச்சும் தரும்."

"நீ தந்த நத்தைதான்ரா இவ்வளவுக்கும்."

"எண்ட நத்தைய ஏசாத. அது கடல்ல சோக்கா கிடந்தது. உண்ட வீட்டுக்கு வந்துதான் மூக்கு ஒழுகுது."

"காக்கா, கப்பல் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

அவர் மாமாவைப் பார்த்தார். "பார்த்துக்கிட்டே இருக்கம் மகள். வெளிச்சவீட்டுப் பக்கம் ஏதும் புகை தெரிஞ்சா ஓடியாறன்."

மாமா மெலிந்துபோனார். அவர் சாப்பிடும்போதும் விரலால் மேசையில் எஞ்சினைக் கீறிக்கொண்டிருப்பார். அம்மா காலையில் முற்றம் கூட்டும்போது ஒயில் பட்ட மணலை மட்டும் தனியே அள்ளிக் கொண்டுபோய் வாழையடியில் கொட்டிவிட்டு, கடற்கரை மணலால் அந்த இடத்தை நிரப்பி வைப்பார். வெள்ளிக்கிழமை என்றால் குளித்து, சந்தனம் அரைத்து, வீட்டு நிலைகளுக்கு வைத்த கையோடு காருக்கும் வருவார். முதல்நாள் எஞ்சினை உறுமவிடுவதற்கு முன் பிள்ளையார் கோயில் ஐயர் வந்து தொடக்கிவைத்த பழக்கம் அது. எஞ்சினின் தலைமேல் ஒயில் ஊற்றுகிற வட்டமான மூடி ஒன்று இருந்தது. யார் பார்த்தாலும் அதை நெற்றி என்றுதான் சொல்வார்கள். ஐயர் அதில்தான் பொட்டு வைத்தார். அம்மாவும் அதில்தான் வைத்தார்.

"அக்கா, உது பெற்றோலில ஓடுற சாமான். சந்தனத்தில இல்லை," என்பார் மாமா.

"உனக்கு ஓடாது. எனக்கு ஓடும். தள்ளி நில்."

சொட்டு பெருக்கப் பெருக்க அம்மாவின் பொட்டும் பெருத்தது. கண்ணூறு பட்டிருக்குமென்று பக்கத்து வீட்டு அன்ரி சொன்ன பிறகு, செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொண்டது. பழைய பொட்டைக் கழுவுகிற வழக்கம் இல்லை. அதன்மேலேயே புதியது. மாமா சிரித்தாலும் அதில் கை வைக்கமாட்டார். ஒயில் ஊற்றும்போதுகூட எஞ்சினை நிறுத்திவிட்டு, மூடியை விளிம்பில் பிடித்துப் பொட்டுக் கலையாமல் திருகி எடுத்து, பக்கத்தில் ஒரு சுத்தமான துணியில் வைப்பார். கொள்கை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்.

அது ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். கப்பல் இன்னும் சில நாட்களில் வந்துவிடும் என்று துறைமுகத்தில் கதை அடிபட்டது. மாமா காரின் முன்பக்கத்தைக் கல்லில் உயர்த்தி, அரைவாசி உடம்பைக் கீழே நுழைத்துக்கொண்டு கிடந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேலே, பம்பரில் ஏறி நின்றேன். எனக்கு நெடுநாளாக ஒரு ஆசை. எஞ்சின் ஓடும்போது உள்ளே ஒயில் என்ன செய்கிறது, அசையாமல் கிடக்கிறதா, மழைபோலக் கொட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். மாமா ஒருபோதும் விடமாட்டார். அவருடைய கண் இப்போது கீழே இருந்தது. நான் அந்த வட்ட மூடியைத் திருகினேன்.

சோடாப் போத்தலை உடைத்ததுபோல உஸ்ஸென்று ஒரு மூச்சு. சூடான காற்று என் முகத்தில் அடித்தது. சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஒயில் தெறித்தது. அம்மா ஏசப்போகிற ஏச்சு எனக்குச் சொல்லுக்குச் சொல் கேட்டுவிட்டது.

கீழேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "என்ன செய்தனீ?"

"ஒண்டும் செய்யேல்லை."

"இல்லை, என்னவோ செய்தனீ. சொட்டு நிண்டிட்டுது."

நான் பயத்தில் மூடியைத் திரும்ப வைத்தேன்.

"திரும்பத் தொடங்கிட்டுது," என்றார் மாமா. அவருடைய குரல் மாறியிருந்தது. "பிள்ளை, முந்திச் செய்ததைத் திரும்பச் செய்."

"ஏசமாட்டீங்கள்தானே?"

"ஏசமாட்டன். செய்."

திறந்தேன். நின்றது. மூடினேன். தொடங்கியது. திறந்தேன். பின்னாலிருந்த நீலப் புகைகூட மெல்ல மெல்ல மெலிந்து காணாமல் போனது. மாமா புழுதியும் ஒயிலுமாகக் கீழேயிருந்து எழும்பி வந்து, என் கையிலிருந்த மூடியை வாங்கி, கவிழ்த்து, நிமிர்த்தி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூடியைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கவேண்டும். எஞ்சின் உள்ளே கட்டுகிற காற்றை வெளியே விடுகிற ஓட்டைகள் அவை. வேறொரு மூச்சுக்குழாயும் எஞ்சினின் பக்கத்தில் முந்தி இருந்தது. நத்தையின் ஒயில் திரும்பி வர இடம் தேடியபோது மாமா அந்த வாயைத்தான் நத்தைக்குக் கொடுத்தார். மிச்சமிருந்த ஒரே வழி இந்த மூடி. அந்த ஓட்டைகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. சந்தனம் வெள்ளிக்கு வெள்ளி இறங்கி, காய்ந்து, சீமெந்துபோல இறுகியிருந்தது. நத்தை காற்றைத் திணிக்கத் திணிக்க, வெளியேற வழியில்லாத காற்று, கிடைத்த இடுக்கெல்லாம் ஒயிலைத் தள்ளியிருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு இடுக்காக அடைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

மாமா வேப்பமரத்தில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மணலில் குந்திவிட்டார். சத்தம் கேட்டு அப்பா வந்தார், அம்மா வந்தார். நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்ப பிள்ளையார்தான் உன்னை மறிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறார்," என்றார் அப்பா. அவருக்கும் சிரிப்பு வந்தது. "கேட்டீரோ? உம்மட சந்தனம்தானாம்."

அம்மா மூடியை வாங்கிப் பார்த்தார். விரல் நகத்தால் ஒரு ஓட்டையைச் சுரண்டினார். "எனக்கென்ன தெரியும்," என்றார். பிறகு குசினிக்குப் போய் ஒரு ஊசி எடுத்துவந்து மாமாவிடம் கொடுத்துவிட்டு, என் சட்டையைப் பார்த்தார். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அம்மா ஏசவில்லை. எனக்கு அது வெற்றியின் மரியாதை என்று பட்டது.

மறுநாள் ஞாயிறு குச்சவெளிக்குப் புறப்பட்டோம். முன்சீற்றில் மாமாவும் அப்பாவும், பின்னால் அம்மாவும் நானும். அம்மா இந்தமுறை காரின் வெளியே, மூக்கில், கடுகளவு பொட்டு வைத்தார். உப்புவெளி தாண்டி மாமா காலை அழுத்தியபோது நத்தை விசிலடித்தது. கார் ஒருமுறை பதுங்கிப் பாய்ந்தது. என் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. நிலாவெளியில் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் கயிற்றை விடாமலே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். அப்பா கூரையைப் பிடித்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல," என்றார். ஆனால் அவருடைய காது சிவந்து, பள்ளிக்கூடப் பொடியன்போல இருந்தார். நான் ஒவ்வொரு கொஞ்சத் தூரத்துக்கும் திரும்பிப் பின்கண்ணாடியால் பார்த்தேன். புகை இல்லை.

பெரியப்பா வீட்டு முற்றம் சீனி கொட்டியதுபோல வெள்ளை மணல். காரை நடுவில் விட்டுவிட்டு நாங்கள் சாப்பிட்டோம். நான் சாப்பாட்டுக்கு நடுவில் எழும்பி எழும்பிப் போய்க் குனிந்தேன். கடைசியில் பெரியப்பாவும் வந்து முழங்காலில் குந்தினார்.

"தம்பி, ஒண்டுமில்லை," என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "சுத்தமாக் கிடக்கு. இனிப் பொடியனைப் பிடிச்சு வச்சிருக்க ஏலாது."

மாமா தலையைக் குனிந்து சிரித்தார். அம்மா பாத்திரம் கழுவ எழுந்தார். பெரியம்மா, "விடும், நான் கழுவுறன்," என்று சொல்லச் சொல்ல, எல்லாப் பாத்திரத்தையும் கழுவி அடுக்கிவிட்டுத்தான் வந்தார்.

திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பாதி வழிக்கு மேல் வந்துவிட்டோம். இடதுபக்கம் பனைகள், பனைகளுக்கு அப்பால் கடல். இன்னும் கொஞ்சத் தூரம் ஓடினால் எல்லாம் முடிந்துவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, காரை நிப்பாட்டு," என்றார் அம்மா.

"ஏனக்கா?"

"நிப்பாட்டு. எனக்குத் தலை சுத்துது."

மாமா உடனே ஓரம்கட்டினார். அம்மா இறங்கிப் போய் ஒரு பனையில் கை வைத்து நின்றார். வாந்தி எடுக்கவில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. நான் திரும்பி வந்து பின்சீற்றில் ஏறினேன். கடல் அவருக்குப் பின்னால் இருந்தது. அம்மா காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்ரியரிங்கில் மாமாவின் கைகள் இருந்தன. அவற்றைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, பகிடிபோலச் சொன்னார்.

"வழியில நிக்கக்கூடாது எண்டுதானே கதை. இப்ப நிண்டிட்டுது."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணாடிக்கு அப்பால் தெருவைப் பார்த்தார். அவருடைய கன்னம் ஒருமுறை அசைந்தது.

"ஓம் அக்கா," என்றார். "நிண்டிட்டுதுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாள் மணலில் மல்லாந்து கிடந்தது நான். மூடியைத் திறந்தது நான். கடைசி நேரத்தில் ஒரு தலைச்சுற்றல் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோவதா? அப்போதுதான் என் காதில் அது விழுந்தது. அடக்கமாக, ஒரே சீராக, பொனற்றின் கீழே.

"இல்லை அப்பா," என்று கத்தினேன். "எஞ்சின் நிக்கேல்லை. கேளுங்கோ. மாமா நிப்பாட்டவே இல்லை. அது ஓடிக்கொண்டுதான் இருக்கு. அம்மாதான் இறங்கினவா. எஞ்சின் ஒரு பிழையும் விடேல்லை."

அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். கச்சேரியில் பத்திரம் பார்க்கிற முகம் அவருக்கு வந்தது.

"பிள்ளை சொல்லுறது ஞாயம்," என்றார். "சோதினை எஞ்சினுக்கு. ஆக்களுக்கு இல்லை."

மாமா தலைக்கு மேல் தொங்கிய சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அம்மா பனையிலிருந்து கையை எடுத்து, மெல்ல நடந்து வந்து ஏறிக்கொண்டார். கதவைச் சாத்த மாமா பின்னால் கையை நீட்டினார். அந்தக் கை திரும்பிப் போவதற்குள் அம்மா அதை ஒருகணம் பிடித்து, விட்டார்.

கார் புறப்பட்டது. அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து, தலையைத் திருப்பி, பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னத் தொடங்கினார். திறந்திருந்த யன்னலால் காற்று அடித்து மயிரெல்லாம் பறந்தது. பின்னி முடித்து, அவிழ்த்து, மறுபடியும் பின்னினார். நத்தை விசிலடித்தது. நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். கப்பலின் எஞ்சின் எங்கள் வீட்டைவிடப் பெரிதாக இருக்குமா, அதற்கும் ஒரு மூடி இருக்குமா, அதை யார் திறந்து பார்ப்பார்கள் என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். மாமா ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார்.

"அம்மா, நோகுது. கனக்க இறுக்கிறீங்கள்," என்றேன்.

அம்மா இளக்கிவிடவில்லை. வீடு வரும்வரை என் பின்னலின் நுனியைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டும் விழாமல் வந்து சேர்ந்த நாளில் எதற்கு இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. கார் நின்றதும் தலையை உதறிப் பின்னலை விடுவித்துக்கொண்டு, குனிந்து பார்க்க ஓடினேன்.